பச்சை டிக் சொல்லாத கணக்கு

கதவு வரவேண்டிய இடத்தில் சுவரை எழுப்பிவிட்டார்கள். கட்டுமானத் தளத்திலிருந்து வந்த புகைப்படத்தைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் வரைவாளர் என் மேசைக்கு வந்தார்.

"அண்ணா, இந்தக் கதவை நான் புதன்கிழமையே மாத்திட்டேன். பச்சை டிக் வந்ததைப் பார்த்துட்டுத்தான் லேப்டாப்பை மூடினேன்."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஃபோல்டரைத் திறந்து பார்த்தோம். அவர் மாற்றிய வரைபடம் பத்திரமாக இருந்தது. ஆனால் அதன் பெயருக்குப் பின்னால் அவருடைய கணினியின் பெயரும் தேதியும் வாலாக ஒட்டியிருந்தன. வாலில்லாத அசல் பெயரில் இருந்தது இன்னொருவர் அதே புதன்கிழமை வேறொரு திருத்தம் செய்து சேமித்த வரைபடம். அதில் கதவு பழைய இடத்திலேயே இருந்தது. அச்செடுத்தவர் அசல் பெயரில் இருந்ததை எடுத்தார். அவர் மேலும் குற்றமில்லை. இருவருடைய கணினியிலும், கோப்பு மேலே போய்ச் சேர்ந்துவிட்டது என்று காட்டும் பச்சை டிக் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

கட்டட வரைபடங்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் கணினிகளைக் கவனித்துக்கொள்வது என் வேலை. 40 பேர், ஏறத்தாழ 6 டிபி தரவு, 7,00,000 கோப்புகள். பழைய சர்வரை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரு கிளவுட் சிங்க் சேவைக்கு, அதாவது எல்லோருடைய கணினியிலும் உள்ள பிரதிகளை இணையம் வழியாக ஒன்றுபோல வைத்திருக்கும் சேவைக்கு, மாற்றியபோது, "இடம் போதுமா?" என்ற ஒரே கேள்வியைத்தான் நாங்கள் கேட்டோம். போதும் என்றார்கள். உண்மையாகவே போதுமானதாக இருந்தது. அந்தச் சுவர் இடிக்கப்பட்ட பிறகு பல மாதங்கள் இதைப் படித்தும் சோதித்தும் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: 6 டிபி ஒரு பொருட்டே இல்லை. 7,00,000 என்ற எண்ணிக்கையும், ஒரே ஃபோல்டரில் எழுதும் 40 பேரும்தான் பிரச்சினை. விலைப்பட்டியலில் இந்த இரண்டுக்கும் இடமில்லை.

இந்தச் சேவைகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் காரணம் விளங்கும். இவற்றில் ஒன்றான டிராப்பாக்ஸ் 2007இல் தொடங்கப்பட்டது. நிறுவனர்களில் ஒருவரான டிரூ ஹவுஸ்டன் பேருந்துப் பயணம் ஒன்றில் தன் பென் டிரைவை மறந்துவிட்டு வந்ததுதான் அதற்குத் தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரே மனிதர், இரண்டு கணினிகள், கூட வராத ஒரு பென் டிரைவ். ஒரு மனிதரால் ஒரே நேரத்தில் இரண்டு கணினிகளில் உட்கார முடியாது. எனவே ஒரே கோப்பை இரண்டு இடங்களில் மாற்றும் நிலை அவருக்கு அநேகமாக வராது. அந்தத் தேவைக்கு இதைவிட நல்ல தீர்வு இன்றுவரை இல்லை என்றே நினைக்கிறேன். என் சொந்தக் கோப்புகளை இன்றும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். அதே அமைப்பை 40 பேருக்கு நடுவே வைக்கும்போது அடியில் இருந்த அனுமானம் உடைந்துவிடுகிறது.

பழைய சர்வரில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். கோப்பு ஒன்றே ஒன்று, ஓரிடத்தில் இருக்கும். ஒருவர் திறந்தால் சர்வர் அதற்குப் பூட்டு போடும். அடுத்தவர் திறக்கும்போது "இன்னார் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார், படிக்க மட்டும் திறக்கவா?" என்று கேட்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். "யாருப்பா அந்த டிராயிங்கை மூடாம வீட்டுக்குப் போனது?" என்று எத்தனை மாலை சத்தம் போட்டிருப்போம்! அந்த எரிச்சல்தான் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று அப்போது தெரியாது.

சிங்க் செய்யும்போது கேட்பதற்கு ஆளே இல்லை. ஒவ்வொரு கணினியிலும் தனித்தனிப் பிரதி. உங்கள் பிரதியில் எழுதுகிறீர்கள், பிறகுதான் செய்தி மேலே போகிறது. அங்கிருந்து மற்றவர்களுக்கு இறங்குகிறது. நடுவில் உள்ள சில நொடிகளிலோ, லேப்டாப் இணைப்பில்லாமல் இருந்த சில மணி நேரத்திலோ இன்னொருவர் எழுதிவிட்டால், முதலில் போய்ச் சேர்ந்தது அசல் பெயரை எடுத்துக்கொள்கிறது. பின்னால் வந்ததற்கு வால் முளைக்கிறது. எது சரி என்று முடிவு செய்ய அந்த மென்பொருளுக்கு வழியில்லை. இரண்டையும் அழிக்காமல் வைப்பதுதான் அதனால் செய்ய முடிந்த நேர்மையான காரியம்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒரு ஆவணத்தை வேர்டில் திறந்தால், அதே ஃபோல்டரில் அலைக்குறியும் டாலர் குறியும் முன்னால் சேர்ந்த ஒரு குட்டி மறைகோப்பு உருவாகும். திறந்திருப்பவரின் பெயர் அதில் இருக்கும். இன்னொருவர் திறக்கும்போது வேர்டு அதைப் பார்த்துத்தான் எச்சரிக்கிறது. டிராப்பாக்ஸ் அந்தக் குறிகளோடு தொடங்கும் கோப்புகளைத் தற்காலிகக் கோப்புகளாகக் கருதி சிங்க் செய்வதில்லை. தற்காலிகக் குப்பைகளை நாற்பது கணினிகளுக்கும் அனுப்பாமல் இருப்பது நியாயமான முடிவுதான். ஆனால் "நான் திறந்து வைத்திருக்கிறேன்" என்ற ஒரே அறிவிப்பும் அந்தக் குப்பையோடு நின்றுவிடுகிறது. அப்படியே சிங்க் ஆனாலும், அது போய்ச் சேருவதற்குள் அடுத்தவர் திறந்திருப்பார்.

இதை எந்த நிறுவனத்தின் சோம்பலாகவும் நான் பார்க்கவில்லை. பிரிந்து கிடக்கும் கணினிகளுக்கு நடுவே இணைப்பு அறுந்தால், எல்லோரும் ஒரே தரவைப் பார்ப்பது, எப்போதும் வேலை செய்ய முடிவது ஆகிய இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தே தீர வேண்டும். கணினி அறிவியலாளர் எரிக் புரூவர் 2000இல் இதை ஓர் ஊகமாக முன்வைத்தார். சேத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் 2002இல் அதைக் கணித முறையில் நிறுவினார்கள். சிங்க் சேவைகள் "எப்போதும் வேலை செய்யலாம்" என்பதைத் தேர்ந்தெடுத்தவை. இணையம் போனாலும் கோப்பு திறக்கும். அதற்கான விலையைத்தான் அந்த வால் ஒட்டிய பெயர் காட்டுகிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய கோடா என்ற கோப்பு அமைப்பிலும், இணைப்பு துண்டித்த நிலையில் வேலை செய்யும் வசதியோடு இதே மோதல் சிக்கலும் வந்தது.

உலாவியில் நான்கு பேர் ஒரே ஆவணத்தைத் தட்டச்சு செய்கிறார்களே, அது எப்படி என்று கேட்பார்கள். அது வேறு தொழில்நுட்பம். அங்கே ஆவணம் சர்வரில் ஒன்றாக இருக்கிறது, ஒவ்வொரு எழுத்தும் அங்கே போய் இணைகிறது. எங்கள் வரைபட மென்பொருள் கோப்பை மொத்தமாகத்தான் படிக்கும், மொத்தமாகத்தான் எழுதும். காணொளித் தொகுப்பு, பக்க வடிவமைப்பு, பழைய கணக்கு மென்பொருள் என்று பெரும்பாலும் இதே நிலைதான். விற்பனை விளக்கத்தில் இந்த இரண்டும் "சேர்ந்து வேலை செய்யலாம்" என்ற ஒரே வாக்கியத்துக்குள் வந்துவிடுகின்றன. அந்த வாக்கியத்தை நம்பித்தான் நாங்கள் சர்வரை அணைத்தோம்.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன்.

மைக்ரோசாஃப்டின் சேவைகளான ஒன்டிரைவ், ஷேர்பாயிண்ட் ஆகியவற்றைச் சிங்க் செய்பவர்கள் எல்லா ஆவணத் தொகுப்புகளையும் சேர்த்து 3,00,000 கோப்புகளுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்று அந்த நிறுவனம் தன் உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. எல்லாவற்றையும் இறக்காமல் சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்தாலும் அந்த எண்ணிக்கையைத் தாண்டினால் வேகம் குறையலாம் என்றும் சொல்கிறது. டிராப்பாக்ஸும் தன் கணினிச் செயலிக்கு அதே 3,00,000ஐத்தான் வேகம் குறையத் தொடங்கும் அளவாகக் குறிப்பிட்டிருந்தது. டெராபைட் கணக்கில் இடம் வாங்கும் ஒரு நிறுவனத்துக்கு இந்த எண் எவ்வளவு சிறியது என்று பாருங்கள். 10 கேபி கோப்புகளாக இருந்தால் 3,00,000 கோப்புகள் மொத்தமே 3 ஜிபிதான். வாங்கிய இடத்தில் ஒரு மூலையை நிரப்புவதற்குள் வேகத்தின் எல்லை வந்துவிடும்.

ஏன் இப்படி? சிங்க் செயலி ஒவ்வொரு கோப்புக்கும் தன்னிடம் ஒரு பதிவு வைத்திருக்கிறது: பெயர், அளவு, நேரம், உள்ளடக்கத்தின் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஓர் எண்), மேலே உள்ள பதிப்பு எண். எது மாறியது என்று இயங்குதளம் சொல்லும் அறிவிப்புகளை நம்பித்தான் அது வாழ்கிறது. ஒரே நேரத்தில் ஏராளமான கோப்புகள் மாறினால் விண்டோஸின் அறிவிப்புத் தாங்கி நிரம்பி வழிந்து சில அறிவிப்புகள் தொலைந்துவிடும். அப்போது செயலிக்கு ஒரே வழி, முழு ஃபோல்டரையும் முதலிலிருந்து நடந்து பார்ப்பது. எங்கள் அலுவலகத்தில் காலை ஒன்பதரை மணிக்கு விசிறிகள் இரைச்சலிட்டபடி லேப்டாப்கள் சூடாகிக் கிடந்ததற்குக் காரணம் இதுதான். 40 கணினிகளும் 7,00,000 கோப்புகளைத் தனித்தனியே எண்ணிக்கொண்டிருந்தன.

ஒருநாள் ஒரு மேலாளர் மேல்மட்ட ஃபோல்டர் ஒன்றின் பெயரை மாற்றினார். அடைப்புக்குறியை எடுத்துவிட்டார், அவ்வளவுதான். உள்ளே 1,80,000 கோப்புகள். சர்வரில் இருந்திருந்தால் ஒரு நொடி வேலை. எங்கள் கணினிகள் மாலைவரை "செயலாக்கப்படுகிறது" என்றே காட்டின. இரண்டு வாரம் விடுப்பில் போயிருந்த ஒருவருடைய லேப்டாப் திரும்பி வந்து இணைந்தபோது, அதில் மேலே போகாமல் தங்கியிருந்த திருத்தங்களுக்காகப் பழைய பெயரில் ஃபோல்டரை மறுபடியும் உருவாக்கியது. சிலர் பழைய ஃபோல்டரிலும் சிலர் புதியதிலும் வேலை செய்ததை நாங்கள் கண்டுபிடிக்க ஒன்பது நாட்கள் ஆயின.

பெயரைப் பற்றிப் பேசும்போது, தமிழில் கோப்புகளுக்குப் பெயரிடுபவர்களுக்கு வரும் ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். இதை எழுதிய வேறொரு கட்டுரையை நான் பார்த்ததில்லை. 'கொ', 'கோ', 'கௌ' போன்ற எழுத்துகளில் வரும் உயிர்க்குறியை, கணினிகள் எழுத்துகளைப் பதியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியே வைத்தும் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு அமைப்பு பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். விண்டோஸில் பெரும்பாலும் சேர்ந்த வடிவத்தில் தட்டச்சாகும், விண்டோஸ் அதை அப்படியே வைத்துக்கொள்ளும். இரண்டும் வேறு வேறு என்றே அது நினைக்கும். 'கொள்முதல்' என்று ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் எங்கள் கணினியில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்றில் 212 கோப்புகள், இன்னொன்றில் 9. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. நல்ல சிங்க் செயலிகள் இதைச் சமாளிக்க முயல்கின்றன. ஆனால் வெவ்வேறு வட்டுகளிலிருந்து நகலெடுத்து வந்த பழைய கோப்புகளில் எங்களுக்கு இது திரும்பத் திரும்ப வந்தது. 'கோப்பு' என்ற சொல்லிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது.

நீளமும் அப்படித்தான். லினக்ஸ் இயங்குதளத்தின் வழக்கமான கோப்பு அமைப்பில் ஒரு பெயருக்கு 255 பைட்கள்தான். யூனிகோடைப் பைட்களாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்கள் எடுக்கும். எனவே 85 குறியீடுகளோடு பெயர் முடிந்துவிடும். புள்ளியும் கொம்பும் காலும் தனிக் குறியீடுகள் என்பதால் கண்ணுக்கு 50 எழுத்துகள் போலத் தெரிவதே எல்லையைத் தொட்டுவிடும். விண்டோஸில் ஒரு பெயருக்கு 255 குறியீடுகள்வரை இடம் உண்டு. அங்கே மகிழ்ச்சியாகச் சேமித்த நீண்ட பெயர், லினக்ஸ் கணினிக்கு வந்து சேராமல் நின்றுவிடும். இது தவிர ஒன்டிரைவில் முழுப் பாதைக்கும் சேர்த்து 400 குறியீடுகள் என்ற எல்லை வேறு. திட்டத்தின் பெயர், ஆண்டு, பிரிவு, உட்பிரிவு, திருத்தம் என்று ஏழெட்டு அடுக்கு ஃபோல்டர் வைப்பது எங்கள் தொழிலில் சாதாரணம்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, கணக்கு போட்டாலே போதும். 20 எம்பிபிஎஸ் அப்லோட் வேகத்தில் 1 டிபி அனுப்ப, ஒரு நொடியும் நிற்காமல் ஓடினாலும் 4 நாட்களும் 15 மணி நேரமும் ஆகும். இணைப்பு எவ்வளவு வேகமாக இருந்தாலும் கூகுள் டிரைவில் ஒரு பயனர் ஒரு நாளில் 750 ஜிபிக்கு மேல் ஏற்ற முடியாது. எங்கள் 6 டிபியை ஒரே கணக்கில் ஏற்றினால் குறைந்தது 8 நாட்கள். சிறு கோப்புகள் இதைவிட மோசம். 10 கேபியில் 1,00,000 கோப்புகள், மொத்தம் 1 ஜிபி. ஒரே பெரிய கோப்பாக இருந்தால் அதே இணைப்பில் 7 நிமிடத்துக்குள் போய்விடும். ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒரு நொடி பேச்சுவார்த்தை என்று வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால் அந்தப் பேச்சுவார்த்தைக்கு மட்டுமே 2 மணி 46 நிமிடம் பிடிக்கும்.

பெரிய கோப்பில் சிறு மாற்றம் செய்தால் மாறிய பகுதி மட்டும் போகும் என்பார்கள். டிராப்பாக்ஸ் கோப்பை 4 எம்பி துண்டுகளாக வெட்டி, மாறாத துண்டுகளைத் தவிர்க்கிறது. ஒன்டிரைவில் இந்த வசதி 2020இல்தான் எல்லா வகைக் கோப்புகளுக்கும் வந்தது. ஆனால் உள்ளே சுருக்கி வைக்கப்படும் கோப்பு வகைகளில் ஒரு கோட்டை நகர்த்தினாலே அதற்குப் பின்னுள்ள பைட்கள் பெரும்பாலும் மாறிவிடும். அப்போது மிச்சப்படுத்த அதிகம் இருக்காது.

தரவுத்தளக் கோப்புகளைச் சிங்க் ஃபோல்டரில் வைக்கவே வைக்காதீர்கள். கணக்கு மென்பொருளின் கோப்பு, அவுட்லுக் மின்னஞ்சல்களைச் சேமித்து வைக்கும் பிஎஸ்டி கோப்பு, ஆக்சஸ் கோப்பு எல்லாம் இதில் அடங்கும். அவை திறந்திருக்கும்போதே உள்ளே மாறிக்கொண்டிருக்கும். பாதி எழுதிய நிலையில் எடுத்த பிரதி மேலே போகும். அதை இன்னொருவர் திறப்பார். இரண்டு மாதக் கணக்கை ரசீதுகளிலிருந்து மறுபடியும் தட்டச்சு செய்த ஒரு சகோதரியின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

சிங்க் இருக்கும்போது பேக்கப் எதற்கு என்று கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைந்துவிட்டது. சிங்க் என்பது மாற்றத்தைப் பரப்பும் கருவி. அழிப்பதும் ஒரு மாற்றம்தான். எங்கள் ஊழியர் ஒருவர் லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று முடிந்துபோன ஒரு திட்டத்தின் ஃபோல்டரை அழித்தார். தன் கணினியில் உள்ள பிரதியைத்தான் அழிக்கிறோம் என்று அவர் நினைத்தது இயல்பு. 40 கணினிகளிலிருந்தும் அது போனது. முடிந்த திட்டம் என்பதால் 47 நாட்கள் யாரும் அதைத் தேடவில்லை. குப்பைத்தொட்டியின் கெடு 30 நாட்கள். வாராவாரம் ஒரு தனி வட்டில் நான் எடுத்து வைத்துக்கொண்டிருந்த நகல் இல்லாவிட்டால் அந்தத் திட்டத்தின் வரைபடங்கள் இன்று உலகில் எங்கும் இருந்திருக்காது. பணம் பறிக்கும் தீய நிரல் ஒன்று கோப்புகளைத் திறக்க முடியாதபடி பூட்டினாலும் இதே கதைதான். பூட்டிய கோப்பும் திருத்திய கோப்பும் சிங்க் செயலிக்கு ஒன்றே. பழைய நிலைக்கு மொத்தமாகத் திரும்பும் வசதிகள் இன்று இருக்கின்றன. அவற்றுக்கும் நாள் கெடு உண்டு.

இவ்வளவும் தொழில்நுட்ப எல்லைகள். ஒப்பந்த எல்லைகளும் உண்டு, அவை ஒரே இரவில் நகரும். மைக்ரோசாஃப்ட் ஒன்டிரைவில் எல்லையில்லா இடம் என்று தந்துவிட்டு, சிலர் 75 டிபிக்கு மேல் நிரப்பிவிட்டார்கள் என்று சொல்லி 2015 நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. டிராப்பாக்ஸ் தன் உயர்நிலை வணிகத் திட்டத்தில் "தேவையான அளவு இடம்" என்ற வாக்கை 2023 ஆகஸ்டில் கைவிட்டது. கிரிப்டோ நாணயம் தோண்டுபவர்களும் இடத்தை மறுவிற்பனை செய்பவர்களும் அதைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்பது அவர்கள் தந்த காரணம். அதே 2023இன் தொடக்கத்தில் கூகுள் டிரைவில் ஒரு கணக்குக்கு 50 லட்சம் கோப்புகள் என்ற எல்லை முன்னறிவிப்பின்றி வந்தது. இடம் மிச்சமிருந்தும் கோப்புகளைச் சேர்க்க முடியாமல் போனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு, ஏப்ரலில் அதை விலக்கிக்கொண்டார்கள். இந்த நிறுவனங்கள் தங்கள் செலவைப் பார்ப்பதை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு நிறுவனத்தின் எல்லா வேலையும் அந்த ஒரு வாக்கின் மேல் நிற்கும்போது, அது எப்போது வேண்டுமானாலும் மாறும் என்று தெரிந்துதான் நிற்க வேண்டும்.

நாங்கள் கிளவுடை விட்டு ஓடிவிடவில்லை. வேலையைப் பிரித்தோம். இன்று திருத்தப்படும் வரைபடங்கள் அலுவலகத்துக்குள் இருக்கும் சேமிப்பு சர்வரில், பூட்டோடு. அந்த சர்வர் மணிக்கொருமுறை தன் நிலையைப் பதிந்து வைக்கிறது. கடிதங்கள், கூட்டக் குறிப்புகள், விலைப்புள்ளிகள் உலாவியில், சேர்ந்து எழுதும் ஆவணங்களாக. தளத்துக்குப் போக வேண்டிய முடிந்த வரைபடங்கள் மட்டும் சிங்க் ஃபோல்டரில். அங்கே எழுதும் உரிமை இரண்டு பேருக்குத்தான், மற்றவர்கள் படிக்கலாம். முடிந்த திட்டங்களை ஒவ்வொன்றாகச் சுருக்கி ஒரே கோப்பாக்கி, மலிவான நீண்டகாலச் சேமிப்புக்கு அனுப்பினோம். சிங்க் ஃபோல்டரில் கோப்புகளின் எண்ணிக்கை 7,00,000இலிருந்து 38,000க்கு இறங்கியது. விசிறிச் சத்தம் நின்றது. பேக்கப் தனி வட்டிலும் தொலைவில் இன்னோரிடத்திலும் இருக்கிறது. மாதம் ஒருமுறை ஏதாவதொரு ஃபோல்டரை அதிலிருந்து மீட்டெடுத்துத் திறந்து பார்க்கிறேன்.

வெளியூர்த் தளங்களில் இருப்பவர்களுக்குத்தான் இது இன்னும் சரியாகவில்லை. அலுவலக சர்வரைத் தொலைவிலிருந்து திறக்கும்போது வரைபடம் மெதுவாக நகர்கிறது. அவசரத்தில் அவர்கள் தங்கள் லேப்டாப்பில் நகலெடுத்து வேலை செய்துவிட்டு, பிறகு மேலே ஏற்றுகிறார்கள். கோபித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. தூசிக்கும் வெயிலுக்கும் நடுவே நின்று வேலை செய்பவர்கள் அவர்கள். அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் எல்லா ஃபோல்டர்களிலும் வால் ஒட்டிய பெயர்களைத் தேடுகிறேன். போன வாரம் மூன்று கிடைத்தன. மூன்றுக்கும் இரண்டிரண்டு பேரைக் கூப்பிட்டு, இரண்டு வரைபடங்களையும் ஒரே திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, எந்தக் கோடு யாருடையது என்று கேட்டு எழுதிக்கொண்டோம். கடைசி வரைபடத்தில் ஒரு படிக்கட்டின் அகலம் இரண்டு விதமாக இருந்தது. தளத்துக்குத் தொலைபேசியில் கேட்டோம். கான்கிரீட் மறுநாள்தான் போடுவதாக இருந்தார்கள்.